மண்டபத்து மூலை

காலை ஐந்தே முக்காலுக்கு எல்லம்மா பாய்லரில் கரி போட்டு ஊதத் தொடங்குவாள். அதற்குள் செம்பாக்கம் ஏரிக்கரையில், அவள் டீக்கடைக்கு முன்னால் ஏழெட்டு சைக்கிள் சாய்ந்து நிற்கும். பின் கேரியரில் மூங்கில் தூண்டில், ஹேண்டில்பாரில் மஞ்சள் பை. இவர்கள் எல்லாம் டீ குடிக்க வந்திருக்கிறார்கள் என்று யாராவது அவளிடம் சொன்னால் போச்சு.

"டீக்கா வந்துகீறானுங்க? பலகையப் பாக்க வந்துகீறானுங்க. பாத்துட்டு, சும்மா போவ வெக்கப்பட்டுகினு ஒரு டீ சொல்றானுங்க" என்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. டீ, பொறை, பன் விலை எழுதத்தான் அந்தக் கரும்பலகையை அவள் வாங்கி மாட்டினாள். பதினோரு வருஷத்தில் ஏசுபாதம் அதை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார். முதலில் ஓரமாக ஒரு வரி எழுதினார். அப்புறம் பாதிப் பலகை. இந்தக் கதை நடந்த எண்பத்தொன்பதாம் வருஷத்தில் டீ விலைக்கு நாலு விரல் இடம்தான் மிச்சம் இருந்தது. ஏசுபாதம் டெலிபோன் டிபார்ட்மென்டில் லைன்மேன். கம்பத்தில் ஏறுவது சம்பளத்துக்கு, ஏரியைச் சுற்றுவது சந்தோஷத்துக்கு. விடியும்போதே கரையை ஒரு நடை நடந்து, தண்ணீரைப் பார்த்து, காற்றைப் பார்த்து, நாலு இடத்தில் தூண்டிலைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து சாக்பீஸை எடுப்பார்.

"மதகுகிட்ட தண்ணி இடுப்பளவு. காத்து தெக்க. கெண்டை மண்புழுவுக்கு, எட்டு மணி வரைக்கும். விரால் கோரை ஓரமா, சின்னத் தவளைக்கு. கெளுத்திக்குக் கோழிக் குடல். ஜிலேபி மீனு எங்க போட்டாலும் கடிக்கும்."

குரோம்பேட்டை, சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கரையில் இடம் பிடிப்பார்கள். தூண்டில் போடுகிறவன் பேச்சை அவன் பெண்டாட்டியே நம்ப மாட்டாள். விரல் நீள மீனை முழ நீளம் என்று கை விரித்துக் காட்டுவது அந்தக் கூட்டத்துக்கே வழக்கம். ஏசுபாதம் மட்டும் விதிவிலக்கு. ஒன்றும் மாட்டாத நாளில் "ஏசுபாதத்துக்கு இன்னிக்கு முட்டை" என்று தன் பெயரையே போட்டு எழுதிவிடுவார். அதனால்தான் அந்தப் பலகைக்கு அவ்வளவு மரியாதை.

இரண்டு வருஷமாக அந்தப் பலகையில் அதிகம் அடிபட்ட இடம் மண்டபத்து மூலை. மண்டபம் துளசிங்கத்துடையது. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த தன் குடும்பத்து நிலத்தை மனை போட்டு விற்று, மிச்சம் இருந்த துண்டில் அம்மா பெயரில் 'கங்கையம்மாள் திருமண மண்டபம்' கட்டினார். சமையல்கட்டின் பின்சுவர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பந்தி முடிந்ததும் மிச்சச் சோறு, சாம்பார், பாயசம், எச்சில் இலை எல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

முதல் முகூர்த்தத்திலேயே அங்கே மீன் மொய்த்துவிட்டது. அதைப் பார்த்த ஏசுபாதம் சும்மா இருப்பாரா? மண்டபத்து போண்டாவைப் பிய்த்து முள்ளில் மாட்டிப் போட்டார். அரைக்கிலோ கெண்டை கடித்தது. அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அதிலிருந்து பலகையில் முகூர்த்த நாளும் ஏறிவிட்டது. "நாளைக்கு முகூர்த்தம். மண்டபத்து மூலைல போண்டாவுக்குக் கெண்டை. வடை வேணாம், முள்ளுல நிக்காது." இதைப் படித்துவிட்டு, பஞ்சாங்கம் பார்த்து ஆபீசுக்கு லீவு போட்டவர்கள் உண்டு.

துளசிங்கமும் தூண்டில் பைத்தியம்தான். பர்மா பஜாரில் வாங்கிய சக்கரம் வைத்த வெளிநாட்டுத் தூண்டில் வைத்திருந்தார். மீன்தான் மாட்டாது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறவரிடம் எந்த மீன் மாட்டும்? இரண்டு வருஷத்தில் அவர் இழுத்துப் போட்டது ஒரே ஒரு செருப்பு, அதுவும் அவருடையது. இந்தக் குறையை எல்லாம் பலகைதான் தீர்த்து வைத்தது. தன் மண்டபத்தின் பெயர் பலகையில் வந்தால் ஆளுக்கு அன்று முழுக்கத் தரை தெரியாது.

"மன்சனுக்கு மட்டும் சோறு போட்டா ஆச்சா? வாயில்லாத ஜீவனுக்கும் போடணும்பா. புண்ணியம்" என்று கரையில் நிற்கிறவர்களிடம் சொல்வார். சமையல்காரரிடம், மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் அப்படியே மீனுக்குக் கொட்டிவிடு என்று உத்தரவும் போட்டிருந்தார். நியாயமாகச் சொன்னால், அந்தப் புண்ணியத்துக்கு முதலில் கைதட்டிய ஆள் ஏசுபாதம்தான்.

அந்த ஏப்ரலில் ஏசுபாதத்தின் மகள் தனத்துக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை ஜெபசீலன் படப்பைக்காரர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஜூன் முதல் வாரத்தில்தான் அவருக்கு லீவு கிடைக்கும். சர்ச்சில் நாள் கிடைத்துவிட்டது. விருந்து போட மண்டபம்தான் கிடைக்கவில்லை. வைகாசி மாசம் தாம்பரத்தில் மண்டபம் கேட்டுப் போனால் சிரித்து அனுப்புவார்கள். பத்து நாள் அலைந்து ஓய்ந்து கடையில் உட்கார்ந்திருந்த ஏசுபாதத்தைத் துளசிங்கம் பார்த்தார்.

"இன்னாபா, மூஞ்சி ஒரு மாரி கீது?"

விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா பேஜார் படுற? என் தங்கச்சி வூட்டு விசேஷத்துக்கு அந்த நாள வச்சிருந்தேன். அத ரெண்டு நாள் தள்ளிக்கறேன். தனம் நம்ம வூட்டுப் பொண்ணு மாரி. மண்டபம் உனுது, போ."

ஏசுபாதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் மூன்று தடவை அதையே சொன்னார். பத்திரிகை அடித்து, மண்டபத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. சர்ச்சில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது.

மே மாசம் வெயில் ஏறிற்று. ஏரி உள்வாங்கியது. மண்டபத்து மூலையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, சோறும் இலையும் மட்டும் குறையவில்லை. முதலில் கெண்டை காணாமல் போனது. எங்கே போட்டாலும் கடிக்கும் ஜிலேபியும் அப்புறம் போயிற்று. கெளுத்தி மட்டும் கொஞ்ச நாள் கிடந்தது. ஒருநாள் விடியற்காலையில் ஏசுபாதம் பார்க்கும்போது, அங்கே மிச்சம் இருந்த மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கஞ்சிப் பானை கழுவின நிறத்தில் இருந்தது, நாற்றம் வேறு குடலைப் பிடுங்கியது. மூச்சு முட்டுகிற மீன் தூண்டிலைத் தொடாது. தண்ணீரைக் கெடுத்தது எது என்று புரிந்துகொள்ள அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

கடைக்கு வந்து சாக்பீஸை எடுத்தார். மதகு, கோரை ஓரம் எல்லாம் எழுதி முடித்தார். மண்டபத்து மூலையை எழுதாமல் சாக்பீஸைக் கீழே வைத்தார். பெஞ்சில் துளசிங்கம் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"நம்ம மூலைய எழுதல?" என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ஏசுபாதத்தின் கண் முன்னால் பத்திரிகையில் போட்ட மண்டபத்தின் பெயர் வந்து நின்றது. இவருக்கு மனசு கோணினால் பதினைந்து நாளில் நான் எங்கே போவேன் என்று நினைத்தார். கை தானாகவே எழுதியது. "மண்டபத்து மூலை: கெண்டை நல்லா கடிக்குது."

பதினோரு வருஷத்தில் அந்தப் பலகை பார்த்த முதல் பொய் அது. முதலாவதுதான் கஷ்டம். அடுத்த நாளும் எழுதினார், அதற்கு அடுத்த நாளும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து ஏகநாதன் வந்தார். பாங்க் கிளார்க், வாரத்துக்கு ஒருநாள்தான் அவருக்கு ஏரி. பலகையைப் படித்துவிட்டு மண்டபத்து மூலையில் உட்கார்ந்தவர் பன்னிரண்டு மணி வரை மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறும் பையோடு கடைக்கு வந்தார்.

"எனக்குத்தான் சார் கை ராசியில்ல போலிருக்கு. உங்க போர்டு தப்பா போகாதே" என்றார் ஏசுபாதத்திடம்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏசுபாதம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏகநாதன் போன பிறகு எல்லம்மா டம்ளர் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இத பாரு லைன்மேனு. டீ வெல எழுத வாங்கின பலக அது. நீ நல்லத எழுதினேன்னு வுட்டுக் குட்த்தேன். அந்த மூலைல காக்காகூட எறங்க மாட்டேங்குது. நீ கெண்ட கடிக்குதுன்னு எழுதிகினு கீற. அதுக்கு நான் டீ வெலயே எழுதிக்கறேன்."

மே கடைசியில் மூன்று நாள் அடுத்தடுத்து முகூர்த்தம். நாலாம் நாள் காலையில் மண்டபத்து மூலை வெள்ளை வெள்ளையாக இருந்தது. எல்லாம் செத்த மீன். கையளவு கெளுத்தியிலிருந்து விரல் தண்டி குஞ்சு வரைக்கும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. துளசிங்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கரையில் நின்றார். அவர் முகம் வாடியிருந்தது, அது நடிப்பில்லை.

"எவனோ கஸ்மாலம் மருந்து ஊத்திட்டான்பா. நான் சோறு போட்டு வளத்த மீனு. நீ பலகைல எழுது, எவனோ வெஷம் வச்சிட்டான்னு. பட்ச்சிட்டு எவனாவது ஆளக் காட்டிக் குட்ப்பான்."

ஏசுபாதம் கடைப் பக்கம் போகாமல் வீட்டுக்குப் போய் வாசற்படியில் உட்கார்ந்தார். தனம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தாம்பரத்தில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர் அவள், கோடை லீவிலும் அட்மிஷன் வேலை இருந்தது. பஸ்ஸுக்கு அந்தக் கரை வழியாகத்தான் போவாள்.

"உண்மைய எழுதினா மண்டபம் போயிடும்மா. இன்னும் ஏழு நாள்தான் இருக்கு" என்றார்.

"கல்யாணம் நடக்கிறது சர்ச்சுலப்பா. அது எங்கயும் போகாது. சாப்பாடு நம்ம தெருவுல பந்தல் போட்டுப் போடலாம், மழை வந்தா கையில தட்டு குடுத்துடலாம்" என்றாள் தனம். செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஒரு வாரமா அந்தப் போர்டைத் தாண்டிப் போறப்போ எனக்குக் கஷ்டமா இருக்குப்பா. அந்த மூலை நாத்தம் எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்காக நீங்க அப்படி எழுதறீங்கன்னா, எனக்கு அந்த மண்டபமே வேணாம்."

ஏசுபாதம் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். ஈரத்துணியால் பலகை முழுவதையும் துடைத்தார். சைக்கிள்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"மண்டபத்து மூலைல மீன் செத்துப் போச்சு. யாரும் வெஷம் வைக்கல. ரெண்டு வருஷமா கொட்டின சோறும் இலையும் அழுகித் தண்ணி கெட்டுப் போச்சு. அத நல்லதுன்னு எழுதி, போண்டாவுல மீன் புடிச்சி, எல்லாரையும் கூப்பிட்டவன் ஏசுபாதம். ஒரு வாரமா எழுதினது பொய்யி. மன்னிச்சிடுங்க."

எட்டு மணிக்குத் துளசிங்கம் புல்லட்டில் வந்தார். படித்தார். இறங்காமலே இன்னொரு தடவை படித்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மண்டபம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏசுபாதம் மத்தியானமே போய்ப் பந்தல்காரரைப் பார்த்துவிட்டு வந்தார்.

துளசிங்கம் அன்றைக்கு என்ன செய்தார் என்பது கரையில் யாருக்கும் தெரியாது. நாம் தெரிந்துகொள்ளலாம். ஆளுக்கு வயிறு எரிந்தது. சோறு போட்டு ஒரு ஜீவன் சாகுமா, இவன் வாயை அடைக்கிறேன் பார் என்று கிளம்பினார். அதற்கு உயிரோடு மீன் வேண்டும். காசு கொடுத்து வாங்கினால் நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். வெளிநாட்டுத் தூண்டிலை வீட்டில் போட்டுவிட்டு, சமையல்காரரின் மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு, வெயிலில் துண்டைத் தலையில் போட்டு, ஆள் இல்லாத மதகுப் பக்கம் போய் உட்கார்ந்தார். கோபத்தில் தூண்டிலைத் தூக்கிப் பார்க்கக்கூட மறந்துவிட்டது. அப்படியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாலு ஜிலேபி மாட்டியது.

மறுநாள் காலை பலகை முன்னால் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு பிளாஸ்டிக் வாளியோடு கரை மேல் நடந்து வந்தார். கடைப் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒரு வாளியில் தெளிந்த ஏரித் தண்ணீர், இரண்டு ஜிலேபி சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. இன்னொரு வாளியில் அதே தண்ணீரில் சோறும் பாயசமும் நுரைத்துக் கிடந்தது. அதில் இரண்டு மீன் மல்லாந்திருந்தது.

"நாலையும் நான்தான் புட்ச்சேன்" என்றார் துளசிங்கம். "வாழ்க்கைல மொத மொதலா புட்ச்ச மீனுபா. இந்தப் பொய்யன கரை மேல நிக்க வச்சிக் கேக்கணும்னுதான் இதுல சோத்தப் போட்டு வச்சேன். நல்லா துன்னுட்டு கொழுத்து நிக்கும்னு பாத்தேன். காலைல பாத்தா இப்டி கீது."

எல்லம்மா ஒரு டீயைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு வருஷமா சோறு போட்றேன்னு நெனச்சிகினு அதுங்க கழுத்தப் புட்ச்சிகினு இருந்துகீறேன்" என்றார் துளசிங்கம். அப்புறம் ஏசுபாதம் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு வாரம் முன்னாடியே தெரியும்ணா."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டார். "மண்டபம் குடுத்தீங்க. எப்படிண்ணா சொல்றது? மனசு கோணிட்டா..."

"நான் மண்டபம் குட்த்தது தனத்துக்குயா. உன் பலகைக்கா குட்த்தேன்? நல்லா எழுதலன்னா மண்டபம் இல்லன்னு என்னிக்காவது சொன்னனா? நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இத்தினி மீனு செத்திருக்குமா?"

"நீங்க கேக்கலண்ணா. நானாத்தான் பயந்துகினு குடுத்தேன்" என்றார் ஏசுபாதம்.

லஞ்சம் என்றால் யாரோ கேட்டு, யாரோ கொடுப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். யாரும் கேட்காமலே, நன்றி என்ற பெயரில் நாமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் லஞ்சமும் ஒன்று உண்டு. தெரிந்த உண்மையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வதுதான் அது. வாங்குகிறவருக்கே தான் வாங்கியது தெரியாது, ஆனால் கெடுதல் மட்டும் ஒழுங்காக நடந்துவிடும்.

துளசிங்கம் டீயைக் குடித்து முடித்தார். உயிரோடிருந்த இரண்டு மீனையும் மதகுப் பக்கம் போய்த் தண்ணீரில் விட்டார். "பந்தல்காரன் கிட்ட போயி வேணாம்னு சொல்லிட்டு வா" என்று ஏசுபாதத்தைப் பார்த்துக் கத்திவிட்டு மண்டபத்துக்கு நடந்தார். கூட்டம் சிரித்தது. ஏசுபாதமும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஐந்து நாளும் சைக்கிள்காரர்கள் தூண்டில் எடுத்து வரவில்லை. மண்வெட்டியும் கூடையும் கொண்டுவந்தார்கள். மண்டபத்து மூலையில் இறங்கி இலையையும் சேற்றையும் வாரினார்கள். மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு ஏகநாதன் லீவு போட்டு வந்தார். எல்லம்மா டீ போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தாள். மண்டபத்துத் தென்னந்தோப்பில் துளசிங்கம் ஆளுயரப் பள்ளம் ஒன்று வெட்ட வைத்தார். கெண்டை திரும்பி வர எத்தனை மாசம் ஆகுமோ, அதைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. தெற்குக் காற்றில் நாற்றம் குறைந்தது என்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது.

தனத்தின் கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. சர்ச்சிலிருந்து வந்த ஜனம் மண்டபம் கொள்ளவில்லை. பிரியாணி மணம் ரோடு வரைக்கும் வந்தது. துளசிங்கம் பெண் வீட்டுக்காரரைப் போலப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பந்திக்குப் பந்தி ஓடினார். கை படாத சோற்றைத் தனியாக அண்டாவில் எடுக்க வைத்து, சூடு ஆறுவதற்குள் ரோடு போடும் கூலிக்காரர் குடிசைகளுக்கு அனுப்பினார். எச்சில் இலை கூடை கூடையாகத் தோப்புப் பள்ளத்துக்குப் போயிற்று. ஏசுபாதமும் அவர் மனைவியும் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று தெரியாமல் எல்லோரையும் இரண்டாவது தடவையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தனம் ஜெபசீலன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வேதசிரோமணி படப்பையில் கடை வைத்திருப்பவர். சாப்பிட்டு எழுந்தவர் தன் இலையைத் தானே சுருட்டிக்கொண்டு பின்சுவர் பக்கம் போனார். கையை ஓங்கினார். துளசிங்கம் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க இல்ல சார். பள்ளம் அந்தாண்ட கீது."

"இவ்ளோ பெரிய ஏரி சார். என் ஒரு இலையில என்ன ஆகிடப் போகுது?" என்றார் வேதசிரோமணி.

துளசிங்கம் அவர் கையிலிருந்த இலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"இங்க வந்த எல்லாரும் ஒரு எலதான் சார் போட்டாங்க. நான் வேடிக்க பாத்துகினு இருந்தேன். தெரிஞ்சவரு வாய மூடிகினு இருந்தாரு. மீனு செத்துப் போச்சு. நமக்கு வேணான்னு தள்றத இன்னோரு உசுரு வூட்டுல கொட்டக் கூடாது சார், கொட்டிட்டு அதப் புண்ணியம்னு சொல்லிக்கவும் கூடாது. எவனாவது கொட்றதப் பாத்தா, அவன் நமக்கு எவ்ளோ வேண்டியவனா இருந்தாலும் கையப் புடிக்கணும். இந்த ஏரி நம்ம வூட்டுக்குக் கொல்லப்பக்கம் இல்ல சார். ஏரி கீறதாலதான் இங்க நமக்கெல்லாம் வூடே கீது."